கோடி ரூபாய்க் கேள்வியை ஏன் இன்னும் விடாமல் பார்க்கிறோம்?

நீங்கள் கேட்டது சுருக்கமாக இதுதான்: "கேபிசி (கோன் பனேகா கரோட்பதி) மாதிரி நிகழ்ச்சிகளில் 2000-லிருந்து அதே ஹாட் சீட், அதே நான்கு விடை, அதே மியூசிக். சேனல் மாறுகிறது, தொகுப்பாளர் மாறுகிறார், நிகழ்ச்சி மட்டும் அப்படியே இருக்கிறது. கையிலிருக்கும் போனில் எல்லா விடையும் கிடைக்கிற காலத்திலும் ஜனங்கள் உட்கார்ந்து பார்க்கிறார்கள். காரணம் பணத்தாசையா, தொகுப்பாளர் மேல் உள்ள பிரியமா, இல்லை எல்லாமே செட்டப்பா?" மூன்று கேள்வி போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான். முன்பின் தெரியாத ஒருவர் ஜெயிப்பதும் தோற்பதும் நமக்கு ஏன் இவ்வளவு முக்கியமாகிவிடுகிறது? நான் பல வருடங்களாக வினாடி வினாக்களுக்குக் கேள்வி தயாரிக்கிறேன், மேடையில் நடத்தவும் செய்கிறேன். தொலைக்காட்சி நிறுவனங்களுக்குள் வேலை பார்த்ததில்லை. அதனால் விளம்பர வருமானம், ரேட்டிங் பேரம் பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. ஒரு கேள்வியும் ஒரு மனிதரும் எதிரெதிரே உட்காரும்போது என்ன நடக்கிறது என்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும்.

பணத்தாசை என்ற விடையில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் பரிசு பெரிதாக இருந்தாலே போதும் என்றால், 2000-இல் ஜீ டிவி கொண்டுவந்த 'சவால் தஸ் கரோட் கா' இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஸ்டார் பிளஸ்ஸில் அமிதாப் பச்சன் ஒரு கோடிக்குக் கேள்வி கேட்டு நாடே பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. அதைப்போலப் பத்து மடங்கு பரிசு, அனுபம் கேர், மனீஷா கொய்ராலா என்று இரண்டு நட்சத்திரங்கள். அப்படியும் நிற்கவில்லை. அமெரிக்காவிலும் இதே கதைதான். ஏபிசி சேனலின் மில்லியனேர் நிகழ்ச்சிக்கு (கேபிசியும் இதே அமைப்புதான்) போட்டியாக ஃபாக்ஸ் 1999-இல் 'கிரீட்' என்ற நிகழ்ச்சியை அதைவிடப் பெரிய பரிசோடு இறக்கியது. அடுத்த வருடமே அதை மூடிவிட்டார்கள்.

பணத்துக்கு இங்கே வேறொரு வேலை இருக்கிறது. அது தயக்கத்துக்கு எடை சேர்க்கிறது. கல்லூரி மேடையில் ஒரு கேள்வி தெரியாவிட்டால் மாணவர் 'பாஸ்' என்று சொல்லிவிட்டுச் சிரிப்பார். அதே கேள்வி, அதே மாணவர், கையில் 25 லட்சம் என்றால் குரல் இறங்கும், ஒரு விடையைச் சொல்லிவிட்டு உடனே "இருங்க, இருங்க" என்பார். நாம் பார்ப்பது இந்த 'இருங்க, இருங்க'வைத்தான். என் எண்ணத்தில், நிகழ்ச்சியின் உயிரே ஒருவருக்குத் தெரிந்ததற்கும் தெரிந்ததில் அவருக்கு இருக்கும் உறுதிக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் இருக்கிறது.

இதற்கு ஆதாரம் நிகழ்ச்சியின் கட்டமைப்பிலேயே கிடைக்கிறது. 1955-இல் அமெரிக்காவின் சிபிஎஸ் சேனலில் '64,000 டாலர் கேள்வி' தொடங்கியது. அதிலும் தொகை படிப்படியாக இரட்டிக்கும், வாங்கியது போதும் என்று நிறுத்திக்கொள்ளவும் செய்யலாம். ஆனால் தொடர்வதா, நிறுத்துவதா என்று முடிவெடுக்கும்போது அடுத்த கேள்வி என்னவென்று தெரியாது. 1998 செப்டம்பர் 4 அன்று பிரிட்டனின் ஐடிவியில் கிறிஸ் டாரன்ட் தொகுத்து வழங்க ஆரம்பமான 'ஹூ வான்ட்ஸ் டு பி எ மில்லியனேர்' இந்த வரிசையை மாற்றியது. முதலில் கேள்வி தெரியும். நான்கு விடைகளும் தெரியும். ஆரம்ப காலத்தில் கடிகாரம்கூட கிடையாது, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசிக்கலாம். அதற்குப் பிறகு விடை சொல்லலாம், அல்லது இருப்பதை எடுத்துக்கொண்டு எழுந்து போகலாம். சரியான விடை அவர் கண்ணெதிரே, திரையிலேயே இருக்கிறது. அதைக் கண்டுபிடிப்பதோடு விஷயம் முடியவில்லை, அதை நம்பிப் பணத்தை வைக்க வேண்டும். நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு இந்த அமைப்பு போய்ச் சேர்ந்ததற்கு இந்த ஒரு மாற்றம்தான் முதல் காரணம் என்று நான் நினைக்கிறேன். லைஃப்லைன் என்கிற உதவி வாய்ப்புகள், வெளிச்சம், கேள்விக்குக் கேள்வி சுருதி ஏறிக்கொண்டே போகும் பின்னணி இசை எல்லாம் இதற்குத் துணைதான்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். கேபிசி முதல் சீசனில் 15 கேள்விகள். 3,20,000 ஒரு பாதுகாப்புப் படி, அதைத் தாண்டி எங்கே தவறினாலும் அந்தத் தொகை கிடைத்துவிடும். அதற்கு மேல் 6,40,000, 12,50,000, 25 லட்சம், 50 லட்சம், ஒரு கோடி. இப்போது ஒருவர் 50 லட்சத்தில் நிற்கிறார், கோடிக்கான கேள்வி திரையில் இருக்கிறது என்று வையுங்கள். விடை சரியாக இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 48 சதவீதத்தைத் தாண்டினாலே, சராசரிக் கணக்கில் ஆடுவது லாபம். 50:50 லைஃப்லைனை அதுவரை பத்திரமாக வைத்திருந்தால் இரண்டு விடைகள்தான் மிஞ்சும். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைச் சொன்னால்கூட சராசரி வரவு 51,60,000. அதாவது எழுந்து போவதைவிட 1,60,000 அதிகம். ஆனாலும் சாதாரண வருமானக்காரர் யாரும் அப்படிச் செய்யமாட்டார், செய்யவும் கூடாது. முதல் 50 லட்சம் கடனை அடைக்கும், வீட்டை மீட்கும், பிள்ளைகளைப் படிக்க வைக்கும். இரண்டாவது 50 லட்சம் வாழ்க்கையை அந்த அளவுக்குப் புரட்டாது. கணித அறிஞர் டேனியல் பெர்னூலி இதை 1738-லேயே கணிதமாக எழுதிவைத்திருக்கிறார். பெர்னூலி பெயரே கேள்விப்படாதவர்கள் ஹாட் சீட்டில் உட்கார்ந்து அதைத் தங்களுக்குள் கணக்குப் போடுவதைத்தான் நாம் பார்க்கிறோம்.

இதே ஏணியில் நான் விரும்பிக் கவனிக்கும் இடம் ஒன்று உண்டு. 3,20,000 கையில் வந்ததும் அடுத்த கேள்வி 6,40,000-க்கு. அந்த ஒரு கேள்விக்கு இழக்க ஒன்றுமே இல்லை, தப்பாகச் சொன்னாலும் இருப்பது இருக்கும். அப்போது போட்டியாளரின் தோளைப் பாருங்கள், இறங்கியிருக்கும். விடையையும் சட்டென்று சொல்லிவிடுவார். அது சரியாகி 6,40,000 வந்துவிட்டால் அடுத்த கேள்விக்குத் தோள் மறுபடி ஏறிக்கொள்ளும். கேள்வியின் கடினம் பெரிதாகக் கூடியிருக்காது. இழக்கக்கூடிய 3,20,000 புதிதாக வந்து சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இனி எங்கள் பக்கத்து வேலையைச் சொல்கிறேன், ஏனென்றால் பலரும் இதைக் கவனிப்பதில்லை. "சூரியக் குடும்பத்தில் மேற்பரப்பு வெப்பம் மிக அதிகமான கோள் எது? ஏ. புதன், பி. வெள்ளி, சி. செவ்வாய், டி. வியாழன்." சரியான விடை வெள்ளி. அதன் அடர்ந்த கரியமில வாயு மண்டலம் வெப்பத்தை வெளியே விடாமல் பிடித்து வைத்திருப்பதால் மேற்பரப்பு ஏறத்தாழ 460 டிகிரி செல்சியஸ். புதன் சூரியனுக்கு அருகில் இருந்தாலும், சொல்லும்படியான வளிமண்டலம் இல்லாததால் பகலில் 430 வரை ஏறி இரவில் பூஜ்ஜியத்துக்குக் கீழே 180 வரை போய்விடும். கேள்வி எழுதுவதில் இது சுலபமான பாதி. மற்ற மூன்று விடைகளை வைப்பதில்தான் உழைப்பு இருக்கிறது. சும்மா இடத்தை நிரப்ப ஒரு விடையை வைக்கக் கூடாது, ஒவ்வொரு தப்பான விடைக்கும் ஒரு நியாயம் இருக்க வேண்டும். சூரியனுக்குப் பக்கத்தில் இருப்பதுதானே சுடும் என்று யோசிப்பவருக்குப் புதன். சிவப்பு என்றால் சூடு என்று நினைப்பவருக்குச் செவ்வாய். பெரிய கோள், உள்ளே ஏதோ கொதிக்கிறது என்று அரைகுறையாகப் படித்தவருக்கு வியாழன்.

இந்தக் கேள்வி மூன்றாம் படியில் வந்தால் ஒரு மாதிரி, பன்னிரண்டாம் படியில் வந்தால் முற்றிலும் வேறு மாதிரி. மேல்படியில் உட்கார்ந்திருப்பவர் முதலில் "புதன்" என்பார். உடனே "இவ்வளவு சுலபமாகவா கேட்பார்கள்?" என்று தோன்றும். இப்போது அவர் கோள்களைப் பற்றி யோசிப்பதை விட்டுவிட்டுக் கேள்வி எழுதியவரைப் பற்றி யோசிக்க ஆரம்பித்துவிட்டார். எங்கோ படித்த 'வெள்ளி' நினைவுக்கு வருகிறது. அது பாடப் புத்தகத்தில் படித்ததா, இப்போது மனசு ஜோடித்துக்கொண்டதா? இதையெல்லாம் அவர் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போகிறார். ஒரு மனிதர் யோசிப்பதை இவ்வளவு நேரம், இவ்வளவு பக்கத்தில் பார்க்கும் வாய்ப்பு வேறு எங்கே கிடைக்கிறது? வீட்டில் இருக்கும் நாமோ இரண்டு விநாடியில் "புதன்" என்று கத்திவிடுகிறோம். தப்பானால் மறந்துவிடுவோம், சரியானால் ஒரு வாரம் பேசுவோம். விடை தெரிந்த பிறகு அது முன்பே தெரிந்தது போலத் தோன்றும் இந்த மயக்கத்தை 1975-இல் பரூக் ஃபிஷ்ஹாஃப் என்ற உளவியலாளர் ஆராய்ந்து காட்டினார். நிகழ்ச்சி முடியும்போது நாமும் ஹாட் சீட்டுக்குப் போகலாம் என்ற நம்பிக்கை ஒவ்வொரு வீட்டிலும் மிஞ்சுவதில் இந்த மயக்கத்துக்கும் பங்கு உண்டு.

செட்டப் விஷயத்துக்கு வருகிறேன். உறுதியாகத் தெரிந்ததை முதலில் சொல்கிறேன். 1950-களில் அமெரிக்காவில் நடந்தது. 'ட்வென்டி ஒன்' நிகழ்ச்சியில் ஹெர்பர்ட் ஸ்டெம்பெல் என்பவருக்கு விடைகள் முன்கூட்டியே தரப்பட்டன. பிறகு ஒரு கட்டத்தில், 1955-இன் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் எதற்கு என்ற, அவருக்கு நன்றாகவே தெரிந்த கேள்விக்கு வேண்டுமென்றே தப்பாகச் சொல்லி வெளியேற வைக்கப்பட்டார். அவரை வென்ற சார்லஸ் வான் டோரன் 1959-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னால் தனக்கும் விடைகள் தரப்பட்டதை ஒப்புக்கொண்டார். 1960-இல் இப்படிச் செய்வதைக் குற்றமாக்கிச் சட்டமே திருத்தினார்கள். இதில் என்னை எப்போதும் யோசிக்க வைப்பது ஒரு சின்னத் தகவல். ஸ்டெம்பெலுக்கு விடையை மட்டும் சொல்லிக்கொடுக்கவில்லை, எப்போது நெற்றி வியர்வையை ஒற்ற வேண்டும், எந்த இடத்தில் தடுமாற வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்தார்கள். ஜனங்கள் எதைப் பார்க்க வருகிறார்கள் என்று அந்தத் தயாரிப்பாளர்களுக்குத் தெரிந்திருந்தது. தயக்கம்தான் சரக்கு. அதையே போலியாகச் செய்தார்கள்.

இதற்கு எதிர் முனையில் இரண்டு சம்பவங்களை வைத்துப் பாருங்கள். 1999 நவம்பரில் அமெரிக்க மில்லியனேரில் ஜான் கார்பென்டர் கடைசிக் கேள்வி வரை ஒரு லைஃப்லைனும் எடுக்கவில்லை. பத்து லட்சம் டாலர் கேள்விக்கு வந்ததும் அப்பாவுக்கு போன் போடச் சொன்னார். எல்லோரும் விடை கேட்கப்போகிறார் என்று காத்திருக்க, உதவி எதுவும் வேண்டாம், ஜெயிக்கப்போகிறேன் என்று சொல்லத்தான் கூப்பிட்டேன் என்றார். சொன்னபடியே ஜெயித்தார். அந்த நிகழ்ச்சியின் உலக வரலாற்றிலேயே அதிகம் பேசப்படும் காட்சிகளில் ஒன்று இது. அவர் நிறைய தெரிந்தவர் என்பதற்காக யாரும் இதைப் பேசுவதில்லை, அந்த உறுதிக்காகத்தான் பேசுகிறார்கள். இரண்டாவது சம்பவம் 2001-இல் பிரிட்டனில் நடந்தது. ராணுவ மேஜரான சார்லஸ் இங்ரம் பத்து லட்சம் பவுண்டு வரை போனார். ஒரு விடையை நோக்கிச் சாய்வார், பிறகு காரணமே சொல்லாமல் வேறொன்றுக்குத் தாவுவார், அதுதான் சரியாக இருக்கும். தயாரிப்புக் குழுவுக்குச் சந்தேகம் வந்து பணத்தை நிறுத்திவைத்தார்கள். போட்டியாளர் வரிசையில் உட்கார்ந்திருந்த இன்னொருவரின் இருமல் மூலம் விடை தெரிவிக்கப்பட்டது என்று அரசுத் தரப்பு வாதிட்டது. 2003-இல் இங்ரம், அவர் மனைவி, இருமியவர் மூவரையும் நீதிமன்றம் குற்றவாளிகள் என்றது. யோசனை வழி இல்லாமல் வந்து சேரும் உறுதி, பார்க்கிறவர்களுக்கே நெருடுகிறது.

அப்படியானால் இன்றைய நிகழ்ச்சிகள் முழுச் சுத்தமா? இதில் என் கருத்தை மட்டும்தான் சொல்ல முடியும். விடையை முன்கூட்டிக் கொடுக்க இன்றைய தயாரிப்பாளருக்குத் தேவையே இல்லை. யாரைத் தேர்ந்தெடுப்பது, எந்தக் கதையை முன்னால் சொல்வது, ஒளிப்பதிவில் எதை வெட்டி எதை வைப்பது என்பதெல்லாம் அவர் கையில்தான் இருக்கிறது. விளம்பர இடைவேளை சரியாக விடை சொல்லும் நொடியில் வருவது தற்செயல் அல்ல. இது திட்டமிட்ட படத்தொகுப்பு. விடையில் கைவைப்பதோடு இதைச் சேர்த்துப் பேசக் கூடாது.

பார்வையாளர் லைஃப்லைன் பற்றி ஒரு கணக்கு அடிக்கடி சொல்லப்படுகிறது. அமெரிக்கப் பதிப்பில் அரங்கத்தினர் சொன்ன விடை சுமார் 91 சதவீதம் சரி, போனில் கேட்ட நண்பர் சொன்னது 65 சதவீதம்தான் சரி. கூட்டத்தின் அறிவுக்கு இதைச் சான்றாகக் காட்டுகிறார்கள். அதை அப்படியே எடுத்துக்கொள்ள எனக்குத் தயக்கம் இருக்கிறது. அரங்கத்தினரைப் பெரும்பாலும் சினிமா, விளையாட்டு மாதிரியான கீழ்ப்படிக் கேள்விகளுக்குக் கேட்பார்கள். நண்பரை மேலே, சிக்கலான இடத்தில் கூப்பிடுவார்கள். கடினம் ஒன்றாக இல்லாதபோது இரண்டையும் ஒப்பிட முடியாது. மேலே சொன்ன கோள் கேள்வியையே அரங்கத்தில் விட்டுப் பாருங்கள், பெரிய கூட்டம் புதன் பக்கம் போய்விடும். கூட்டம் ஒரே மாதிரி தப்பாக நினைக்கும் கேள்விகளும் உண்டு. அனுபவமுள்ள போட்டியாளர் அதை முகர்ந்துவிடுவார்.

போனில் விடை கிடைக்கும் காலத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதனால் அடி வாங்கியது ஒரு லைஃப்லைன்தான். கூப்பிடப்பட்ட நண்பர்கள் இணையத்தில் தேட ஆரம்பித்ததால் அமெரிக்காவில் 2010-இல் 'போன் எ ஃப்ரெண்ட்' நீக்கப்பட்டது. பிரிட்டனில் 2018-இல் நிகழ்ச்சி திரும்பி வந்தபோது தொகுப்பாளரையே கேட்கும் லைஃப்லைனைச் சேர்த்தார்கள். மற்றபடி தகவல் மலிவானது நிகழ்ச்சிக்கு நல்லதையே செய்திருக்கிறது. தேடினால் எல்லாம் கிடைக்கும் என்று பழகிவிட்ட நமக்கு, தேட முடியாத இடத்தில் தன் நினைவை மட்டும் நம்பி ஒருவர் உட்கார்ந்திருப்பது முன்பைவிட அபூர்வமான காட்சி.

தொகுப்பாளர் விஷயத்தில்தான் என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. 2007-இல் ஷாருக்கான் நடத்திய மூன்றாவது சீசன் தவிர கேபிசி முழுக்க அமிதாப் பச்சன்தான். எனவே எவ்வளவு அவரால், எவ்வளவு அமைப்பால் என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. தமிழில் சரத்குமாரின் 'கோடீஸ்வரன்', பிறகு 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி'யில் சூர்யா, பிரகாஷ்ராஜ், அரவிந்த்சாமி, பெண்களுக்காக ராதிகாவின் 'கோடீஸ்வரி' என்று முகம் மாறிக்கொண்டே வந்தது, ஆனால் எதுவும் இந்தியில் போல வேர்விடவில்லை. காரணம் முகம் மாறியதா, தொடர்ச்சி இல்லாமல் போனதா, இரண்டுமா என்று அறுதியிட முடியாது. ஒன்று மட்டும் மேடை அனுபவத்திலிருந்து சொல்கிறேன். நல்ல தொகுப்பாளர் போட்டியாளரைச் சின்னவராக உணரவிடமாட்டார், அதே சமயம் அவர் தயக்கத்தை அவசரப்படுத்தவும் மாட்டார். அமிதாப் எளிய மனிதர்களிடம் காட்டும் மரியாதை, அவர்கள் வாய்விட்டு யோசிக்கத் தைரியம் கொடுக்கிறது. 2011-இல் மாதம் சில ஆயிரம் சம்பளத்தில் இருந்த பீகார் மோதிஹாரியைச் சேர்ந்த சுஷில் குமார் ஐந்து கோடி வென்றதும், 2020 ஜனவரியில் காது கேளாத, பேச இயலாத மதுரைப் பெண் ஒருவர் 'கோடீஸ்வரி'யில் ஒரு கோடி வென்றதும் மனதில் நிற்பதற்கு, அவர்கள் தங்கள் வேகத்தில் யோசிக்க இடம் கிடைத்தது ஒரு காரணம். பணம் எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 30 சதவீத வரி போக மிஞ்சிய பணத்தோடு பட்ட சிரமங்களை சுஷில் குமாரே பின்னாளில் வெளிப்படையாக எழுதினார்.

கடைசியாக, இந்த ஈர்ப்பு அழியாதது என்று நினைக்க வேண்டாம். ஏபிசி சேனல் வெற்றி மயக்கத்தில் வாரத்துக்கு ஐந்து இரவு வரை மில்லியனேரை ஓட்டியது. 1999-இல் தொடங்கிய நிகழ்ச்சி 2002-இல் முக்கிய நேரத்திலிருந்து காணாமல் போனது. நாள்தோறும் யாரோ ஒருவர் தயங்கிக்கொண்டே இருந்தால் அந்தத் தயக்கம் பழகிவிடும். பிரிட்டனில் 2014-இல் நிறுத்தி நான்கு வருடம் கழித்துக் கொண்டுவந்தபோது வரவேற்பு இருந்தது. கேபிசி வருடத்தில் சில மாதங்கள் மட்டும் வந்துபோவதும் அதற்கு ஆயுளைக் கூட்டியிருக்கிறது என்றே நினைக்கிறேன். இன்னும் எத்தனை வருடம் ஓடும் என்பது, பரிசை ஏழு கோடிக்கு மேல் எவ்வளவு ஏற்றுகிறார்கள் என்பதைவிட, வருடத்தில் எத்தனை மாதம் சும்மா இருக்கச் சம்மதிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.